டாக்டர் பக்கம்: புதுச் சொல் மனத்தில் தங்க



சென்ற இதழில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டிய முறை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கேள்வி பாதத்தைப் பற்றியதல்ல. "வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் முப்பது வார்த்தை எழுதிக் கொடுக்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து பத்து முறை படிக்கிறேன். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தால் ஐந்தாறுதான் மிச்சம். மூளை மழுங்கிவிட்டதா? இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா?" என்றார்.

மாத்திரை கிடையாது. மூளையும் மழுங்கவில்லை. பெரும்பாலோருக்குக் கோளாறு படிக்கிற முறையில்தான். இந்த மாதம் அதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம் சங்கத்தில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெரியவர்கள் இங்கிலீஷ் படிக்கிறார்கள். இங்கேயே பிறந்த குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் படிக்கிறார்கள். இரு சாராருக்கும் கஷ்டம் ஒன்றுதான்.

முதலில் மருத்துவ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய அந்நியச் சொல் மறந்துபோவது வியாதியில்லை. தினமும் போகிற கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறப்பது, நாற்பது வருஷம் செய்த சாம்பாருக்குப் புளி எப்போது விடுவது என்று தடுமாறுவது, இவைதான் டாக்டரிடம் வர வேண்டிய மறதிகள். மாமிசம் சாப்பிடாதவர்கள் வைட்டமின் பி-12 அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் ஞாபகமும் குறையும். தைராய்டும் அப்படியே. தூக்க மாத்திரைகள், அலர்ஜிக்கான சில பழைய ரக மாத்திரைகள் வயதானவர்களின் ஞாபகத்தைக் கலைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் காது. வயதாக ஆக மெல்லிய ஒலிகள், குறிப்பாக இங்கிலீஷில் வரும் ஸ், ஃப் போன்றவை, முதலில் போய்விடும். காதில் சரியாக விழாத சொல் மனத்தில் எப்படி நிற்கும்? காது கேட்கும் கருவி வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

வல்லாரை மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். வல்லாரைத் துவையல் ருசியானது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது உங்களுக்காக இங்கிலீஷ் படித்துவிடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்று ஒருவர் இருந்தார். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக எழுதி, தாமே உருப்போட்டு, எவ்வளவு மறக்கிறது என்று வருஷக்கணக்கில் அளந்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதே வரிசையைத் திரும்பப் படித்தபோது, முதலில் பட்ட பாட்டில் பாதிகூட அவருக்கு மிச்சமாகவில்லை. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு மிச்சம், ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவர் முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர் என்பதை நம் பெரியவர் கவனிக்க வேண்டும். வாலிபர்களும் மறக்கத்தான் மறக்கிறார்கள். இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிகிறது. மறதி முதல் நாளில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகிறது. ஆகவே படித்த சொல்லை அன்றே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, நாலைந்து நாள் விட்டு ஒரு தடவை பிடித்து நிறுத்திவிட்டால், பிறகு அது சாவகாசமாகத்தான் நழுவும். ஒரே ராத்திரியில் பத்து முறை படிப்பதைவிட, பத்து நாட்களில் ஐந்து முறை பார்ப்பது நல்லது.

"பார்ப்பது" என்றேன், அதிலும் ஒரு திருத்தம் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாற்பது சுவாஹிலி மொழிச் சொற்களை அர்த்தத்துடன் கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, சிலரை அதைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் வைத்தார்கள். சிலரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவிகிதம் ஞாபகம் இருந்தது. வெறுமனே திரும்பப் படித்தவர்களுக்கு 35 சதவிகிதத்தை ஒட்டித்தான். அதிகப்படியாகப் படித்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். எது பலன் தருகிறது என்பது படிக்கிறவருக்கே தெரிவதில்லை. பக்கத்தைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி வருகிறதே, அதுதான் நம்மை ஏமாற்றுவது.

நம் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்திருந்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைப் பையன்கள் தலைகீழாகச் சொல்ல வேண்டும். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகள், எல்லாம் விருத்தப் பாட்டு. பதினோராவது தொகுதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும். அதை எதுகை பார்த்து அடுக்கியிருக்கிறார். ஒரு சொல் வந்தால் அதே ஓசையில் அடுத்தது தானாக வாயில் வரும். வாத்தியார் கேட்பார், பையன் ஏட்டைப் பார்க்காமல் சொல்வான். பிரம்பை நான் சிபாரிசு செய்யவில்லை. கேட்டுச் சொல்ல வைத்த முறையை மட்டும் சொல்கிறேன்.

அந்தத் திண்ணையிலேயே தமிழ் கற்ற வெளிநாட்டார் ஒருவரும் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு. வயது இருபத்துநான்குகூட நிரம்பவில்லை. அவர் வந்த நோக்கம் வேறு, அது இங்கே நமக்கு வேண்டாம். படித்த விதத்தைப் பாருங்கள். திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். பிறகு தம் தினசரி நடைமுறையைக் கடிதத்தில் எழுதி வைத்தார். காலை ஏழு முதல் எட்டு வரை ஏற்கெனவே கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை அதுவரை படிக்காத தமிழ் ஏடுகளைப் படிப்பது. பக்கத்தில் வயதான கவிராயர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே எழுதிக்கொள்வார், கவிராயர் பேச்சுத் தமிழில் விளக்குவார். சாப்பிடும்போதுகூட ஒருவர் படிக்க இவர் கேட்பார். மாலை மூன்று முதல் ஐந்து வரை மறுபடி படிப்பு. இரவு கண்ணுக்குச் சிரமம் கூடாதென்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பது. புதியதைத் தொடும் முன் பழையதைத் திருப்புவது நாளின் முதல் வேலையாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. நம்மிடம் கவிராயர் இல்லை என்கிறீர்களா? வீட்டில் பத்து வயதுப் பேத்தி இருக்கிறாளே.

செய்முறைக்கு நான் சொல்லும் யோசனை சீட்டு. கைபேசியில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன, பழக்கம் உள்ளவர்கள் அதில் செய்யலாம். மற்றவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். பிள்ளையார் படம் உள்ள பக்கத்தை வெட்டாதீர்கள், பின் அட்டையே நிறைய. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் இங்கிலீஷ். மூன்று காலி மிட்டாய் டப்பாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டெல்லாம் முதல் டப்பாவில், அதைத் தினமும் எடுங்கள். தமிழைப் பார்த்து இங்கிலீஷை வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் சீட்டு இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒருமுறை. அங்கும் தேறினால் மூன்றாவது, வாரத்துக்கு ஒருமுறை. எங்கே தவறினாலும் மறுபடி முதல் டப்பா. இது என் கண்டுபிடிப்பு அல்ல. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் 1972-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள். முப்பது கொடுக்கிற ஆசிரியரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். நிறங்கள் எல்லாம், கிழமைகள் எல்லாம், வலம் இடம் என்று ஜோடியாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். 1990-களில் நடந்த சில ஆராய்ச்சிகள் இதைக் காட்டின. நிகண்டு இனம் இனமாக அடுக்கியதே என்று கேட்கலாம். அது தாய்மொழி தெரிந்த பிள்ளைக்கு. அந்நிய மொழியில் முதலில் வலது பக்கத்தை நன்றாகப் பிடியுங்கள். இடது பக்கம் அடுத்த வாரம் வரட்டும்.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது? வகுப்பில் பழங்களின் பெயர், விலங்குகளின் பெயர் சொல்லித் தருகிறார்கள். எழுபது வயதில் ஒட்டகத்துக்கு இங்கிலீஷ் தெரிந்து என்ன செய்வது? என் அபிப்பிராயத்தில் பெரியவர்களின் முதல் ஐம்பது சீட்டில் பாதி உடம்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். தினமும் நான் காண்பது இது. அம்மா மகனோடு கிளினிக்குக்கு வருகிறார். "ராத்திரியானால் பாதம் எரியுது, விரல் மதமதன்னு இருக்கு, படி ஏறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது" என்று மகனிடம் சொல்கிறார். மகன் டாக்டர் பக்கம் திரும்பி, "கால் வலியாம்" என்று ஒரே வார்த்தையில் இங்கிலீஷில் முடித்துவிடுகிறார். எரிச்சலும் மதமதப்பும் நரம்பின் சேதி. நடந்தால் பிடித்துக்கொண்டு நின்றால் விடுவது இரத்தக் குழாயின் சேதியாக இருக்கலாம். தமிழ் தெரிந்த டாக்டரானால் பிழைத்தது. இல்லாவிட்டால் அந்த மூன்று நோய்க்குறிகளும் ஒரு வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போகும். நெஞ்சு எரிகிறது என்பதற்கும் நெஞ்சை அழுத்துகிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவதைத் தொலைபேசியில் 111-க்குச் சொல்லும்போது மகன் வேலைக்குப் போயிருப்பார். பர்னிங், பிரஷர், டிஸி, நம், பிரெத்லெஸ்: இந்த ஐந்தோடு ஆரம்பியுங்கள். முறையே எரிச்சல், அழுத்தம், தலைசுற்றல், மரத்துப்போதல், மூச்சு முட்டல்.

பேரன்களை மொழிபெயர்ப்பாளராக அழைத்து வருவது பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுப் பையன் மூலம் பாட்டி தன் கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வார்? சொல்லமாட்டார், சொல்லாமலே திரும்பிப் போவார். இந்த நாட்டில் 1996-லிருந்து நோயாளிகளின் உரிமைக்கென ஒரு சட்டக்கோவை இருக்கிறது. தேவைப்படும் இடத்தில், நடைமுறைக்கு இயன்ற அளவில், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது அதில் ஐந்தாவது உரிமை. ஆஸ்பத்திரித் தேதி வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சொல்லை உள்ளே ஏற்றுவதற்கு ஒரு தந்திரமும் உண்டு. ஒலியில் ஒத்த தமிழ்ச் சொல்லைப் பிடித்து, இரண்டையும் ஒரு படமாக முடிச்சுப் போட வேண்டும். 1975-ல் அமெரிக்காவில் ரஷ்யச் சொற்களை வைத்து அட்கின்சன், ராஹ் என்ற இருவர் இதைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். மரத்துப்போவதற்கு இங்கிலீஷில் "நம்". எழுதும்போது கடைசியில் வரும் எழுத்து பேச்சில் ஒலிக்காது. "நம் கால்தான், ஆனால் நம் கால் மாதிரி இல்லை" என்று ஒரு முறை நினைத்துவிட்டால் அப்புறம் மறக்காது.

எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஊருக்கு உபதேசமாக இருக்கக் கூடாதென்று இந்த முறைகளையெல்லாம் மாவோரிச் சொற்களில் பரீட்சித்து வருகிறேன். கிளினிக்கில் அவை தினமும் காதில் விழுகின்றன. சாப்பாட்டுக்கு மாவோரியில் "கை". நமக்கு இதைவிடச் சுலபமான சொல் உண்டா? தோட்டம் "மாரா"; மரம் இருக்கும் இடம் என்று வைத்துக்கொண்டேன். பறவை "மனு", காக்கை ஒன்று மனுவைக் கவ்விக்கொண்டு பறப்பதாகக் கற்பனை. இவை தற்செயலான ஒற்றுமைகள்தான். இதை வைத்து மாவோரி தமிழிலிருந்து வந்தது என்று யாரும் கட்டுரை அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சொந்தமில்லாவிட்டாலும் மாவோரி நமக்குச் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. குறில் நெடில் பேதம் அங்கேயும் உண்டு. "கெக்கெ" என்றால் கேக், "கேக்கே" என்றால் அக்குள். அக்குளில் கட்டி பார்க்கும் டாக்டர் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நாம், நாங்கள் என்ற வித்தியாசம் இங்கிலீஷில் கிடையாது, மாவோரியில் உண்டு: "தாத்தௌ", "மாத்தௌ". இருவருக்கு மட்டும் தனியாகவும் சொல் உண்டு. இங்கிலீஷ்காரர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நம் வீட்டுக் குழந்தை சாதாரணமாக நுழைந்துவிடும்.

இன்னும் ஆழமாகத் தங்குபவை, ஒரு கதையோடு வரும் சொற்கள். "ஃபெனுவா" என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல். குழந்தை பிறந்ததும் நஞ்சை மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். கிராமத்தில் நஞ்சைப் புதைத்த இடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ஹாப்பூ" என்றால் கர்ப்பம், குலப் பிரிவு என்றும் பொருள். "இவி" எலும்பு, இனமும் அதுவே. "ஃபானௌ" பிறத்தல், குடும்பமும் அதுவே. இந்த நாலு சொல்லையும் தனித்தனியாக நான் உருப்போட்டபோது நழுவிக்கொண்டே இருந்தன. பிரசவ அறையிலிருந்து ஒரு சமூகமே விரிவதைப் பார்த்த பிறகு ஒன்றுகூட மறக்கவில்லை. நாம் வசிக்கும் பிளாக்ஹவுஸ் பேக்குப் பழைய பெயர் "தே ஃபௌ". 1860-ல் கட்டிய காவல் கோட்டையால் வந்தது இங்கிலீஷ் பெயர். ஃபௌ என்பது பெரிய இதய வடிவ இலையுள்ள ஒரு மரம். கட்டை மிக லேசானது, வலைகளுக்கு மிதவையாகக் கட்டுவார்கள். அந்த மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சொல்லுக்குச் சீட்டே தேவைப்படாது.

மாவோரி மொழியைப் பற்றிப் பேசும்போது குழந்தைகள் விஷயத்துக்கு வராமல் முடியாது. 1970-களில் அவர்களுடைய பெரியவர்கள் பார்த்தார்கள்: தாங்கள் பேசுகிறோம், பேரப்பிள்ளைகள் பேசவில்லை. 1982-ல் வெலிங்டன் பக்கம் வைனுயோமாட்டாவில் முதல் "கோஹங்கா ரெயோ" தொடங்கியது. மொழிக்கூடு என்று அர்த்தம். பாடப் புத்தகமும் பரீட்சையும் வைத்து அல்ல, பாட்டிமார்கள் பச்சைக் குழந்தைகளோடு நாள் முழுதும் மாவோரியிலேயே பேசினார்கள். சாப்பாடு, தூக்கம், அழுகை, விளையாட்டு எல்லாம் அந்த மொழியில்தான். அவர்கள் அன்று பார்த்த நிலைக்கு நம்மில் பல வீடுகள் இன்று வந்து நிற்கின்றன. மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தொலைபேசி போட்டுக் குழந்தையிடம் கொடுத்தால், "நல்லா இருக்கேன் பாட்டி" என்ற ஒரே வாக்கியத்தோடு தொலைபேசி அம்மாவிடம் திரும்பி வருகிறது. அந்தப் பக்கம் பாட்டி இன்னும் ஏதாவது வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தைக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஞாயிறு வகுப்பில் அறுபது சொல் எழுதுகிறது. புதன்கிழமை அவற்றை யாரும் கேட்பதில்லை, சனிக்கிழமைக்குள் மறந்துபோகிறது. எப்பிங்ஹாஸ் கணக்குத்தான். தப்பித்தவறி ஒரு சொல்லைப் பயன்படுத்தி "தாத்தா வந்துச்சு" என்று சொன்னால், கூடத்தில் இருக்கும் எல்லோரும் சிரிக்கிறோம். அன்பான சிரிப்புத்தான், ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. அடுத்த முறை இங்கிலீஷில் பேசிவிடும். சிரிக்காமல், திருத்தாமல், "ஆமாம், தாத்தா வந்துட்டார், காப்பி கொடுக்கலாமா?" என்று சரியான வடிவத்தைப் பதிலில் கலந்து சொன்னால் போதும்.

ஆகவே ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும் நேரம் எப்படியும் கால்மணி ஆகிறது. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் ஜோடியாக நிற்கட்டும். தாத்தா ஐந்து தமிழ்ச் சொல் கொடுக்க வேண்டும், குழந்தை ஐந்து இங்கிலீஷ் சொல் கொடுக்க வேண்டும். புதுச் சொல்லைக் கொடுக்கும் முன் போன வாரத்து ஐந்தையும் சீட்டைப் பார்க்காமல் சொல்லியாக வேண்டும், இருவருமே. உச்சரிப்பில் தாத்தாவைத் திருத்தக் குழந்தைக்கு முழு உரிமை. தமிழ் வகுப்பு ஆசிரியைகள் இருவரிடம் சொன்னேன், அடுத்த மாதத்திலிருந்து முயன்று பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். சீட்டு வெட்டப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் வேண்டியவர்கள் என்னிடம் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

அடுத்த இதழில் முழங்கால் வலி.